கன்னத்தில் அதக்கிய இலை

என் மாமா சிகரெட்டை விட்டு எட்டு வருடம் ஆகிறது. விட்ட அன்று வீடே கொண்டாடியது. அடுத்த சில மாதங்களில் அவர் சட்டைப் பையில் சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருப்பதை எல்லோரும் பார்த்தோம், ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருமுறை நான் மெதுவாகக் கேட்டதற்கு, "புகைதானே மாப்ளே கெடுதல்? இதுல புகையே இல்லையே" என்றார். அவர் சொன்னது எனக்கும் அன்று சரியாகத்தான் பட்டது. நுரையீரல் தப்பித்தது என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

போன வருடம் பல்வலிக்காகப் போன இடத்தில், கீழ்த்தாடையின் இடது பக்கம், ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் ஒன்று இருப்பதைப் பல் மருத்துவர் காட்டினார். பொட்டலத்தை அவர் வழக்கமாக அதக்கும் இடம் அதுதான். வீட்டுக்கு வந்ததும் மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஸ்வீடன்ல பாதிப் பேர் வாயில புகையிலை வைக்கிறாங்களாம், அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையாமே? எனக்கு மட்டும் ஏன்?" பாதிப் பேர் என்பது மிகை. ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தேடிப் பல மாதம் படித்தேன். அவருக்குச் சொன்னதையெல்லாம் இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

குழப்பம் நம் மொழியிலேயே தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. புகையிலை என்ற பெயரிலேயே புகை இருக்கிறது. அதனால் புகையைக் கழித்துவிட்டால் வெறும் இலைதான் மிஞ்சும், இலை என்ன செய்துவிடும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. பொடி, கட்டை, தூள், பசை, பை என்று எந்த வடிவத்தில் வந்தாலும் எல்லாவற்றையும் 'புகையிலை போடுகிறார்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உலகத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டவர்கள் புகைக்காமல் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே பொருளை வாயில் வைப்பதில்லை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நச்சின் அளவில் உள்ள தூரம் சில சமயம் ஆயிரம் மடங்கு.

முதலில் கன்னத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிகரெட் புகை போய்ச் சேரும் நுரையீரலின் உட்பரப்பு மிகப் பெரியது. அங்கே நிகோடின் நொடிகளில் ரத்தத்தில் கலந்துவிடும். வாய்க்குள் இருக்கும் தோல் அப்படி இல்லை. அதன் வழியாக நிகோடின் உள்ளே போக வேண்டுமென்றால், அது மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருக்க வேண்டும். அமிலத்தன்மை உள்ள சூழலில் நிகோடின் மின்னேற்றத்தோடு இருக்கும், வாசலிலேயே நின்றுவிடும். காரத்தன்மை கூடக் கூட அந்த ஏற்றத்தை இழந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6 என்றால் நூறில் ஒரு பங்கு நிகோடின்தான் அப்படிப் போகத் தயாராக இருக்கும். 8 என்றால் ஏறத்தாழ பாதி. 9 ஆகிவிட்டால் தொண்ணூறு சதவீதம்.

இந்த வேதியியலை யாரும் பாடமாகப் படிக்கவில்லை, ஆனால் உலகம் முழுக்கத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உள்ளங்கையில் இலைத்தூளோடு சுண்ணாம்பைச் சேர்த்துக் கட்டைவிரலால் தேய்க்கிறார்களே, அது கைனி. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் மத்திய ஆசியாவிலும் போடுகிற நஸ்வாரில் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்கின்றன. சூடானின் தூம்பாக்கில் சோடா உப்பு. அலாஸ்காவின் பூர்வகுடிகள் பயன்படுத்தும் இக்மிக்கில், பிர்ச் மரத்தில் வளரும் ஒருவகைக் காளானை எரித்த சாம்பல். ஒருவரையொருவர் பார்த்தே இராத மக்கள், கைக்குக் கிடைத்த காரப்பொருளை எடுத்து ஒரே பூட்டைத் திறந்திருக்கிறார்கள். நிறுவனங்கள் தொழிற்சாலையில் சோடியம் கார்பனேட் சேர்ப்பதும் இதே வேலைக்குத்தான். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே அளவு நிகோடின் உள்ள இரண்டு டப்பாக்களில் ஒன்று மென்மையாகவும் மற்றொன்று தலை சுற்றும்படியும் இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மென்மையானது, பழகியவர்களுக்குக் கடுமையானது என்று படிப்படியாக ஏற்றிவிட அவர்களுக்கு இது போதும்.

"சுள்ளுன்னு பிடிக்கும் பாரு, அதுதான் நல்ல சரக்கு" என்று மாமா சொல்வார். அந்தச் சுள்ளென்ற எரிச்சலில் பெரும்பங்கு சுண்ணாம்பின் வேலை. உதட்டைக் கிழித்து நிகோடினை உள்ளே விட கண்ணாடித் தூள் கலக்கிறார்கள் என்று ஒரு கதை பல நாடுகளில் உலவுகிறது. அது உண்மை இல்லை, கண்ணாடிக்குத் தேவையே இல்லை. சுண்ணாம்பு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நாளெல்லாம் அதே இடத்தில் அரிப்பதால் தோலையும் புண்ணாக்குகிறது.

நிகோடின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயில் வைப்பது லேசானது என்ற எண்ணம் தவறு. ஒரு சிகரெட்டிலிருந்து உடலுக்குள் போவது சுமார் ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் நிகோடின். வாயில் அரை மணி நேரம் ஊறும் ஒரு கவளத்திலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போகக்கூடும். சிகரெட்டில் ஏறுவதும் இறங்குவதும் வேகமாக நடக்கும். இதில் மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும். துப்பிய பிறகும் வாயில் ஊறியதும் விழுங்கியதும் கொஞ்ச நேரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மாமா சிகரெட்டை விட்டாரே ஒழிய, நிகோடினை ஒரு நாள்கூட விடவில்லை. இது அவருக்கே தெரியாது.

சரி, வகைகளுக்கு வருவோம். அமெரிக்காவில் பேச்சு வழக்கில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. மென்று துப்புவது ஒன்று. தளர்வான இலைத் துணுக்குகளாகவோ, அழுத்திய கட்டியாகவோ, கயிறு போல முறுக்கியதாகவோ கிடைக்கும். பெரும்பாலும் இனிப்பு சேர்த்திருப்பார்கள், அது பற்களைச் சொத்தையாக்குவது தனிக் கதை. மற்றொன்று டிப். பொடியாக நறுக்கிப் புளிக்கவைத்த ஈரமான புகையிலை, ஒரு சிட்டிகை எடுத்துக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிவிடுவார்கள். மெல்ல வேண்டியதில்லை, துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்வீடனின் ஸ்னூஸும் பார்வைக்கு இதே ஈரத்தூள்தான். மேலுதட்டுக்குள் வைப்பார்கள், துப்ப மாட்டார்கள். 1970களில் இருந்து தேயிலைப் பை போன்ற சிறு பைகளிலும் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தயாரிப்பில் இருக்கிறது.

இலை பறித்தபோது அதில் அவ்வளவு விஷம் இல்லை. பதப்படுத்தும்போதும் புளிக்கவைக்கும்போதும் ஈரமாகக் கிடக்கும்போதும் பாக்டீரியாக்கள் இலையில் உள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அந்த நைட்ரைட் நிகோடினோடும் அதன் உறவுப் பொருள்களோடும் சேர்ந்து நைட்ரோசமைன்கள் என்ற சேர்மங்களை உண்டாக்குகிறது. புகையிலைக்கே உரிய இந்த நைட்ரோசமைன்களில் இரண்டு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டவை. இவை உருவாகத் தீ வேண்டாம், புகை வேண்டாம். மாமாவின் 'புகை இல்லையே' என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

டிப் தயாரிப்பில் புளிக்கவைப்பது முக்கியமான கட்டம். தீயின் புகையில் உலர்த்திய இலையை அதில் சேர்ப்பதும் உண்டு, அதனால் புகையில் இருக்கும் வேறு சில நச்சுகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஸ்னூஸ் தயாரிப்பில் புளிக்கவைப்பதற்குப் பதிலாக, பால் காய்ச்சுவது போல, நீராவியால் நன்றாகச் சூடாக்கிப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறார்கள். பிறகு குளிர்ப்பெட்டியில் வைத்து விற்கிறார்கள். அதனால் இன்றைய ஸ்னூஸில் ஒரு கிராமுக்கு ஓரிரு மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவான நைட்ரோசமைன்களே இருக்கும். சூடானின் தூம்பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது நிக்கோட்டியானா ரஸ்டிகா என்ற, நிகோடின் மிகுந்த வேறு இனச் செடியின் இலை. வெயிலில் காயவைத்து, வாரக்கணக்கில் புளிக்கவைத்து, சோடா உப்பு பிசைந்து உருண்டையாக வைக்கிறார்கள். அதில் ஒரு கிராமுக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் நைட்ரோசமைன்கள் அளக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் வாயில் வைக்கும் புகையிலைதான். ஸ்வீடனைக் காட்டிச் சூடான்காரருக்கு ஆறுதல் சொன்னால் அது எவ்வளவு பெரிய துரோகம்!

மாமா வைத்திருந்தது ஸ்னூஸும் இல்லை, தூம்பாக்கும் இல்லை. அவர் பொட்டலத்தை வாங்கி விளக்கின் கீழே பிடித்து அதில் என்ன கலந்திருக்கிறது என்று வாசித்தேன். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு, காசுக்கட்டி, வாசனை. குட்கா வகை. புகையிலையைப் பற்றி மட்டும் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதில் முதலில் எழுதியிருந்த பெயர்தான் அதிர்ச்சியாக இருந்தது. பாக்கு தனியாகவே, புகையிலை துளியும் இல்லாமலே, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியிருக்கிறது. புகைக்காத புகையிலையைப் பற்றிய அதன் தொகுதி 2007-இல் வந்தது. வாய், உணவுக்குழாய், கணையம் ஆகிய மூன்று இடங்களில் புகையிலை புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது அந்த முகமையின் இன்றைய முடிவு. கணையத்தைப் படித்தபோது என் பாட்டி சொல்வது நினைவுக்கு வந்தது. வாயில் போட்டது வாயோடு போகாது என்பார்.

பாக்கு செய்கிற தனி வேலை இன்னொன்று இருக்கிறது. அதில் உள்ள அரிகோலின் என்ற பொருள், கன்னத்தின் உட்தோலுக்கு அடியில் நார்த்திசுவைக் கூட்டிக்கொண்டே போகும். மென்மையாக இழுபட வேண்டிய கன்னம் தோல்வாரைப் போல இறுகும். முதலில் காரமான உணவு பட்டால் தாங்க முடியாத எரிச்சல் வரும். பிறகு வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆங்கிலப் பெயர் நீளமானது. தமிழில் வாய் இறுக்கம் என்று சொன்னால் புரிந்துவிடும். சாதாரணமாக நம் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட முடியும். அன்று மாமாவை விட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது நகம் பல்லில் இடித்து நின்றது. அவர் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியவே தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான், புகையிலை இல்லாத பான் மசாலா என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு கோபம் வருகிறது. புகையிலையை எடுத்துவிட்டாலும் பாக்கு உள்ளே இருக்கிறது. ஜர்தா என்பது வேறு. இலைத் துணுக்குகளைச் சுண்ணாம்போடும் வாசனைப் பொருள்களோடும் வேகவைத்து உலர்த்தி, நிறமேற்றியது. வெற்றிலைப் பாக்கோடு சேர்த்துப் போடுவதால் அதிலும் பாக்கின் கணக்கு கூடிவிடுகிறது. பல் தேய்க்கிறேன் என்று தொடங்கும் வகைகளும் இருக்கின்றன. வறுத்த புகையிலைப் பொடியான மிஷ்ரி, பொடியான குல், குழாயில் வரும் பசை. பல்லுக்கு நல்லது என்று நம்பித் தொடங்குபவர்களில் பெண்கள் அதிகம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை 'பல் தேய்க்க' வேண்டியிருக்கும். அவர்களிடம் போய் நீங்கள் புகையிலைப் பழக்கம் உள்ளவரா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

மூக்குப்பொடியைப் பற்றி இங்கே பேசவில்லை, அது மூக்கின் வழி. அதே உலர்பொடியை ஈறில் அப்பிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது மாமா கேட்ட ஸ்வீடன். அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மறைத்தால் நான் சொல்லும் மற்றதையும் அவர் நம்பமாட்டார். அந்த நாட்டு ஆண்களில் பலர் சிகரெட்டுக்குப் பதிலாக ஸ்னூஸ் வைக்கிறார்கள், அங்கே புகைப்பவர்கள் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவு, நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆண்களும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் ஸ்னூஸ் விற்பனையைத் தடை செய்தது. ஸ்வீடன் 1995-இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது தனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2019-இல் ஒரு ஸ்வீடிய ஸ்னூஸ் நிறுவனத்துக்கு, சிகரெட்டுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தினால் வாய்ப் புற்றுநோய், இதயநோய், நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றின் அபாயம் குறையும் என்று விளம்பரப்படுத்த அனுமதி கொடுத்தது.

ஆனால் அந்த வாக்கியத்தில் 'சிகரெட்டுக்குப் பதிலாக' என்ற சொற்கள்தான் எல்லாமே. சிகரெட்டையும் விடாமல் இதையும் சேர்த்தால் அந்தக் கணக்கு இல்லை. எதுவுமே இல்லாதவர் புதிதாகத் தொடங்கினாலும் இல்லை. கர்ப்பிணிகள் ஸ்னூஸ் வைத்தால் குறைப்பிரசவமும் குழந்தை இறந்து பிறப்பதும் கூடுகின்றன என்பதை அதே ஸ்வீடனின் தரவுகள்தான் காட்டின. மாரடைப்பு வந்தவர்களில் ஸ்னூஸ் வைப்பவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் அங்கே தெரிந்ததுதான். ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரியும். வைக்கும் இடத்தில் தோல் சுருங்கும். குறைவான ஆபத்து என்பதை ஆபத்தில்லை என்று கேட்டுக்கொள்கிற காது நம் எல்லோருக்கும் இருக்கிறது. அன்று எனக்கும் அந்தக் காதுதான் இருந்தது.

அமெரிக்காவில் அந்தக் காதைத் திறக்க ஒரு சிறுவனின் மரணம் தேவைப்பட்டது. ஷான் மார்சி, ஓக்லஹோமாவைச் சேர்ந்த பள்ளி ஓட்டப்பந்தய வீரன். சிகரெட் தொடாதவன், டிப் மட்டும் வைத்தவன். நாக்கில் வந்த புற்றுநோயால் 1984-இல், 19 வயதில் இறந்தான். இரண்டு வருடம் கழித்து, 1986-இல், புகைக்காத புகையிலை டப்பாக்களில் எச்சரிக்கை வாசகம் அங்கே சட்டமாயிற்று. பேஸ்பால் ஆட்டக்காரர்களிடம் அந்தப் பழக்கம் அப்போதும் தொடர்ந்தது. பெரும்புகழ் பெற்ற டோனி க்வின் 2014-இல் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் 54 வயதில் இறந்தார். இத்தனை வருடம் டிப் வைத்த பக்கத்தில்தான் வந்தது என்று அவரே சொன்னார்.

இப்போது இலையே இல்லாத வெள்ளைப் பைகள் வந்துவிட்டன. நிகோடின், நார், சுவை, அவ்வளவுதான். இலை இல்லாததால் நைட்ரோசமைன்கள் மிகக் குறைவு, அந்த வகையில் இவை வேறு இனம். அப்புறம் நிகோடின்? அது அப்படியே இருக்கிறது, சில பைகளில் மிகவும் அதிகமாகவே இருக்கிறது. பல வருடமாகப் புகைக்கும் ஒருவர் இதற்கு மாறுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பதினாறு வயதுப் பிள்ளை புதினா வாசனைக்காக ஒன்றை உதட்டில் செருகுவதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. துப்ப வேண்டாம், நாற்றம் இல்லை, வகுப்பறையில் உட்கார்ந்தபடியே வைக்கலாம், அம்மாவுக்குத் தெரியாது.

மாமாவின் படலத்திலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். அதில் புற்று இல்லை. பழக்கத்தை நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து வரச் சொன்னார் மருத்துவர். வாயில் வைக்கும் புகையிலையை நிறுத்த, மனம்விட்டுப் பேசும் ஆலோசனையும், நிகோடின் மிட்டாயும், வரெனிக்ளின் என்ற மாத்திரையும் உதவும் என்று ஆய்வுகள் இருக்கின்றன. மாமாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதல் பத்து நாள் அவர் வீட்டில் யாரோடும் பேசவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறுமையைத் தடவிவிட்டுத் திரும்பும். ஏலக்காய், கிராம்பு, பேரனின் சூயிங்கம் என்று எதையெதையோ கன்னத்தில் அதக்கிப் பார்த்தார். அத்தை ஒன்றும் சொல்லாமல் ஏலக்காய் டப்பாவை நிரப்பிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒருமுறை சறுக்கி, மறுநாள் அவரே வந்து என்னிடம் சொன்னார்.

இப்போது ஏழு மாதம். ஞாயிற்றுக்கிழமை போனால், வெளிச்சம் விழுகிற ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு எப்படி இருக்கு, பாரு மாப்ளே" என்பார். செல்போன் விளக்கை அடித்துப் பார்ப்பேன். அந்த வெள்ளை ஏறக்குறைய போய்விட்டது, சுற்றியிருக்கும் தோலின் நிறமே அங்கேயும் வந்திருக்கிறது. அது புகையிலையும் சுண்ணாம்பும் விட்ட தடம், நிறுத்தினால் பெரும்பாலும் ஆறும். பிறகு அவர் விரல்களை அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார்ப்பார். இப்போதும் இரண்டுதான் போகிறது. பாக்கு விட்ட அந்த இறுக்கம் தானாகத் திரும்புவதில்லை. தினமும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், இருப்பதாவது குறையாமல் இருக்க. காலையில் பல் தேய்த்துவிட்டு ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை, கண்ணாடி முன்னால் நின்று எண்ணிக்கொண்டே செய்கிறார்.